டாக்டர் ஆர்டர் எங்கே? அப்பா தங்கிய இரண்டு நர்சிங் ஹோம்கள்

போன நவம்பரிலும் டிசம்பரிலும் என் அப்பா நியூ ஜெர்சியில் இரண்டு நர்சிங் ஹோம்களில் இருந்தார். நம் ஊரில் சொல்லும் தனியார் ஆஸ்பத்திரி அல்ல, வயதானவர்களையும் உடம்பு தேற வேண்டியவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம். முதலாவதில் 41 மணி நேரம். இரண்டாவதில் 33 நாள். நான் எழுத வந்தது இரண்டாவதைப் பற்றித்தான்: ஆக்ஸிஜன் கொடுக்க டாக்டர் எழுதித் தரும் ஆர்டரை, அதாவது உத்தரவை, அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதை. ஆனால் முதலாவதில் நடந்ததைச் சொல்லாமல் இரண்டாவதன் அருமை புரியாது.

இரண்டின் பெயரையும் போடவில்லை. இங்கே நர்சிங் ஹோம்கள் அடிக்கடி கைமாறுகின்றன. நர்சிங் டைரக்டர் ஒருவர் வேலையை விட்டுப் போனாலே ஆறு மாதத்தில் இடம் வேறு மாதிரி ஆகிவிடும். பெயரை நம்பிப் போவதைவிட, வாசலில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது உங்களுக்கு அதிகம் உதவும்.

அப்பாவுக்கு 81 வயது. கோயமுத்தூரில் ஃபவுண்டரி வேலை பார்த்துவிட்டு 1979ல் இங்கே வந்தவர். அறுபது வயதுவரை சிகரெட். பத்து வருஷமாக சிஓபிடி, அதாவது நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோட்டம் இழந்துபோகும் நோய். நம் வீடுகளில் இதையும் இளைப்பு என்றுதான் சொல்வோம். நவம்பரில் நிமோனியா வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நடக்கத் தெம்பில்லை. சில வாரம் நர்சிங் ஹோமில் வைத்து, உடற்பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருந்தால் மெடிகேர், அதாவது முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு, அதற்குப் பணம் தரும். உள்நோயாளியாகச் சேர்க்காமல் ‘அப்சர்வேஷன்’ (கண்காணிப்பு) என்று போட்டிருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. இதை முதல் நாளே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை 6.40க்கு அப்பாவை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸில் சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பறையில் பெரிய மீன்தொட்டி, பியானோ, தரையெல்லாம் பளபளப்பு. நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் தங்கள் சிலிண்டரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நர்ஸ் டிஸ்சார்ஜ் காகிதங்களைப் புரட்டினார். முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. மருந்துப் பட்டியலில் பதினொரு மருந்து. ஆக்ஸிஜன் இல்லை. ஆறு நாளும் அப்பா மூக்கில் குழாய் இருந்தது. ஆனால் அது நர்ஸ்கள் எழுதும் குறிப்பில் இருந்ததே தவிர, டாக்டர் கையெழுத்துப் போட்ட பட்டியலில் ஏறவில்லை. இவர்களுடைய டாக்டரும் அன்று இல்லை. அவசர எண்ணுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அறையில் ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய கான்சென்ட்ரேட்டர் ஒன்று நின்றது, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். அதை ஓடவிட்டு, ‘2தானே?’ என்று என்னிடம் கேட்டுவிட்டுத் திருகி வைத்தார்கள். நானும் ஆமாம் என்றேன்.

மருத்துவம் படிக்காத நான் சொன்ன அந்த ‘ஆமாம்’தான் அடுத்த 41 மணி நேரத்துக்கு அப்பாவின் ஆக்ஸிஜன் ஆர்டர். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சனிக்கிழமை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. அன்று இரவு ஷிஃப்டில் யாரோ ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம், அதாவது சாச்சுரேஷன், என்று காட்டும் கருவி அது. 89 காட்டியிருக்கிறது. பொதுவாக 95க்கு மேல் இருக்க வேண்டியதாயிற்றே என்று பயந்து 4 லிட்டருக்கு ஏற்றியிருக்கிறார்கள். எங்கேயும் எழுதவில்லை. எழுதுவதற்கு ஆர்டர் என்று ஒன்று இருந்தால்தானே?

சிஓபிடிக்காரர்கள் பலருக்கு 88லிருந்து 92க்குள் இருந்தால் போதும். 89 என்பது அப்பாவுக்குச் சரியான எண். அதற்கு மேல் ஆக்ஸிஜனைத் தள்ளினால் சிலருக்கு உடம்பில் கரியமில வாயு தங்கிவிடும். தலை வலிக்கும், மயக்கம் போலத் தூக்கம் வரும், அப்படியே நினைவு தப்பும். ஞாயிறு காலை இட்லி எடுத்துக்கொண்டு போனேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, இறந்துபோன அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையைத் தொட்டேன். நல்ல சூடு. தூக்கக் கலக்கம் என்றார் உதவியாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெஷினைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் சின்னப் பந்து 4ல் நின்றது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துப் பார்த்து, கரியமில வாயு ஏறியிருக்கிறது என்றார்கள். முகமூடி போட்டு மூச்சுக்கு உதவும் மெஷினில் அன்று இரவெல்லாம் வைத்திருந்தார்கள். திங்கள் காலை அப்பா என் பெயரைச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நர்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று மாலை அவர் பொறுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். 28 என்றார். மூச்சு முட்டுகிறவருக்குக் காகிதம் வரும்வரை ஆக்ஸிஜன் வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. மத்திய அரசின் வழிகாட்டுதலே அவசரத்தில் முதலில் கொடு, நிலைமை கட்டுக்குள் வந்ததும் முடிந்தவரை சீக்கிரம் ஆர்டர் வாங்கு என்றுதான் சொல்கிறது. அவர் கொடுத்தது சரி. அதற்கப்புறம் ஐந்து ஷிஃப்ட் மாறியும் யாருமே ‘இதற்கு ஆர்டர் எங்கே?’ என்று கேட்கவில்லை. என் கோபம் அதன்மேல்தான். ஒருவரைச் சேர்க்கும்போதே அவருடைய உடனடிப் பராமரிப்புக்கான டாக்டர் ஆர்டர் நர்சிங் ஹோமின் கையில் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். இது அவர்கள் செய்யும் உதவி அல்ல, கடமை.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். வவுச்சர் இல்லாமல் ஐந்து டாலர்கூட எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. யார் கேட்டது, எதற்கு, எவ்வளவு, யார் அனுமதித்தது, எல்லாம் அதில் இருக்கும். ஆக்ஸிஜனும் மாத்திரை மாதிரி ஒரு மருந்து. அளவு கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். ஆனால் பார்ப்பதற்குக் காற்றாக இருப்பதால் யாருக்கும் அது மருந்தாகத் தெரிவதில்லை. அப்பாவே பிற்பாடு கேட்டார், ‘என்னத்துக்குக் கண்ணு, காத்துக்கெல்லாம் சீட்டு?’ என்று.

சரி, இரண்டாவது இடத்துக்கு வருகிறேன்.

அப்பா மறுபடி ஆஸ்பத்திரியில் இருந்த நாலு நாளும் நான் தேடிக்கொண்டே இருந்தேன். மெடிகேர் நடத்தும் கேர் கம்பேர் தளத்தில் ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் நட்சத்திரங்கள் போட்டிருப்பார்கள். நட்சத்திரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே போனால் அரசு ஆய்வாளர்கள் நேரில் வந்து எழுதிய அறிக்கைகள் முழுசாக இருக்கும். எந்தக் குறை என்பதற்கு ஓர் எண் இருக்கும். மூச்சு சம்பந்தப்பட்ட பராமரிப்புக்கு எஃப் 695. அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். ‘டாக்டர் ஆர்டர் இல்லாமல் ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்டிருந்தது’, ‘ஆர்டரில் 2 லிட்டர், மெஷினில் 3.5 லிட்டர்’ என்ற மாதிரி வரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட அறிக்கைகளில் படித்தேன். எங்களுக்கு நடந்தது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல.

அப்புறம் ஐந்து இடத்துக்குப் போன் போட்டேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி. ‘ஆக்ஸிஜனோடு ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால், டாக்டர் ஆர்டரை யார் வாங்குவீர்கள், எந்நேரத்துக்குள்?’

மூன்று பேர், எல்லா அறையிலும் ஆக்ஸிஜன் வசதி உண்டு, கவலைப்படாதீர்கள் என்றார்கள். நான் மெஷின் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஓர் இடத்தில் நர்சிங் பிரிவுக்கு மாற்றி, அங்கே யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவதாக எடுத்த அட்மிஷன் நர்ஸ் பதிலே சொல்லவில்லை, என்னைத் திருப்பிக் கேட்டார். இப்போது எத்தனை லிட்டர்? உட்கார்ந்திருக்கும்போதா, நடக்கும்போதா? ராத்திரி? கரியமில வாயு ஏறியதாகச் சொல்கிறீர்களே, ஆஸ்பத்திரியில் எந்த எண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள்? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. ‘பரவாயில்லை, நானே ஆஸ்பத்திரி நர்ஸிடம் பேசிக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் ஆர்டரில் அளவும் இலக்கும் எழுதி வரும்வரை நாங்கள் வண்டியைக் கிளப்பச் சொல்ல மாட்டோம்’ என்றார். அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன். கட்டடத்தைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

கட்டடம் பழசு. எடிசன் என்ற ஊரிலிருந்து இருபது நிமிடம். மீன்தொட்டி கிடையாது. லினோலியம் தரை ஓரங்களில் தேய்ந்திருக்கும். வியாழக்கிழமை மாலை 4.15க்கு அப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தபோது, அறைக் கதவில் ‘ஆக்ஸிஜன் பயன்பாட்டில், புகைக்காதீர்’ என்ற பலகை ஏற்கெனவே மாட்டியிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் அப்பா பெயரும் படுக்கை எண்ணும் எழுதிய நாடா.

நர்ஸ் பிலிப்பினோ அம்மா, ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி ஆர்டரை ஒரு கையில் வைத்துக்கொண்டு தங்கள் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் சொன்னதை எழுதி, எழுதியதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிப் படித்தார். ‘இரண்டு, ஒன்று கூட்டல் ஒன்று, இரண்டு லிட்டர்’ என்று எண்ணை இரண்டு விதமாகச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். 4.40க்கு அது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. 25 நிமிடம். அந்த ஆர்டரில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன், உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வரும் ஆர்டரோடு வைத்துப் பாருங்கள்: மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர், இடைவிடாமல். சாச்சுரேஷன் 88 முதல் 92க்குள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருமுறையும், நடந்தபின் ஒருமுறையும் பார்க்கவும். 88க்குக் கீழே போனால் 3 லிட்டர்வரை ஏற்றலாம், ஏற்றினால் உடனே டாக்டருக்குச் சொல்லவும். 92ஐத் தாண்டினால் அரை லிட்டர் குறைக்கவும். எதற்காக என்ற காரணமும் இருந்தது: சிஓபிடி.

இத்தனையும் ஐந்து வரி. இந்த ஐந்து வரி முதல் இடத்தில் இருந்திருந்தால், சனிக்கிழமை ராத்திரி 89ஐப் பார்த்தவர் நிம்மதியாக அடுத்த அறைக்குப் போயிருப்பார்.

அதன்பிறகு அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். ஆர்டர் ஏறியதும் மெஷின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அந்தப் பந்து கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, திருகைக் கொஞ்சமாக அசைத்தார். நின்றபடி மேலிருந்து பார்த்தால் பந்து ஓர் இடத்தில் தெரியும், நேராகப் பார்த்தால் வேறு இடத்தில் தெரியும் என்று எனக்கும் காட்டினார். பந்தின் நடு வயிறு 2 என்ற கோட்டில் நிற்க வேண்டும், உச்சி அல்ல, அடி அல்ல. அதற்கப்புறம் குழாயின் மறுமுனையைத் தன் கன்னத்தில் வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு, முனையைத் துடைத்து அப்பாவின் மூக்கில் வைத்தார். காதுக்குப் பின்னால் குழாய் உரசும் இடத்தில் மெத்தென்ற பஞ்சு உறை. முந்தின இடத்தில் இரண்டே நாளில் அங்கே தோல் சிவந்திருந்தது.

முப்பத்து மூன்று நாளில் எத்தனையோ நர்ஸ்கள் மாறி மாறி வந்தார்கள். எல்லோரும் முழங்காலிட்டுப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் குனிந்தார்கள். ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் படுக்கைப் பக்கம் நின்று, ஆர்டரில் 2, மெஷினில் 2, சாச்சுரேஷன் 90 என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். உதவியாளர்கள் அந்தத் திருகைத் தொடவே மாட்டார்கள். ஒருநாள் அப்பா இருமியபோது அங்கிருந்த பையனை ‘கொஞ்சம் ஏத்தி வைப்பா’ என்று சைகையில் கேட்டார். அவன் ஓடிப்போய் நர்ஸைத்தான் கூட்டி வந்தான்.

ஆக்ஸிமீட்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கருத்த தோலில் அந்தக் கருவி உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், கருவி சரியென்று காட்டியும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் காணப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் இதைப் பற்றி எச்சரித்தது. நம்மவர்களை வைத்துச் செய்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் அப்பா நல்ல கறுப்பு, அவருக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. நான் கேட்டபோது இங்கே டாக்டர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை எண்ணையும், அதே நேரத்தில் கருவி காட்டிய எண்ணையும் வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்பாவுக்கு 2 புள்ளி கூடுதலாகக் காட்டுகிறது என்று குறித்து, எண்ணை மட்டும் நம்பாமல் உதடு, மூச்சு வேகம், தெளிவாகப் பேசுகிறாரா என்பதையும் பார்க்கச் சொல்லி எழுதினார். விரல் சில்லென்று இருந்தால் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் கருவியை மாட்டுவார்கள்.

அந்த டாக்டர் இரண்டாம் நாளே நேரில் வந்தார். முதல் மூன்று மாதத்தில் 30 நாளுக்கு ஒருமுறை டாக்டர் பார்த்தால் போதும் என்றுதான் விதி இருக்கிறது. முதல் இடத்தில் எனக்கு அந்த விதியைத்தான் பதிலாகச் சொன்னார்கள். விதி என்பது குறைந்தபட்சம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆக்ஸிஜனோடு வந்தவருக்கு அது போதவே போதாது.

குறை இல்லாமல் இல்லை. சாப்பாடு சுமார். சைவம் என்றால் வேகவைத்த புரோக்கோலியும் பாஸ்தாவும்தான். ரசமும் தயிர்சாதமும் நான்தான் தினமும் கொண்டுபோனேன், சூடு பண்ணித் தருவதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். சனி, ஞாயிறில் உடற்பயிற்சி இல்லை. மூக்குக் குழாயை வாரம் ஒருமுறை மாற்றி, தேதி எழுதி ஒட்டுவது அங்கே வழக்கம். மூன்றாவது வாரம் தேதி தாண்டி மூன்று நாள் ஆகியிருந்தது. காட்டினேன். மன்னிப்புக் கேட்டு உடனே மாற்றினார்கள், மெஷினின் பின்பக்கம் இருக்கும் வடிகட்டியையும் கழுவி வைத்தார்கள். இன்னொரு நாள் உடற்பயிற்சி அறைக்குப் போகும்போது சக்கர நாற்காலியில் இருந்த சிலிண்டரில் பாதிக்கும் கீழேதான் இருந்தது. முழுச் சிலிண்டர் 2 லிட்டரில் ஐந்தரை மணி நேரம் தாங்கும். பயிற்சியாளர் முள்ளைப் பார்த்துவிட்டு, இது போதும் என்றாலும் வேண்டாம் என்று வேறு மாற்றிக்கொண்டுதான் கிளம்பினார். நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு நாலரை. சாப்பாட்டுக்கும் வார இறுதிக்கும் அரை போய்விட்டது.

நம் வீட்டுப் பழக்கங்கள் சில அங்கே மாற வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ராத்திரி மூக்கடியில் விக்ஸ் தடவாவிட்டால் தூக்கம் வராது. அதில் பெட்ரோலியம் ஜெல்லி இருக்கிறது, ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசை தீப்பிடிக்க ஏதுவாகும் என்று சொல்லி, தண்ணீரால் ஆன ஜெல் கொடுத்தார்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெயும் நிறுத்தினோம். கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். முடியாது என்று அவர்கள் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன். அன்று மாலை அந்தப் பிலிப்பினோ அம்மா தன் வீட்டு கிறிஸ்துமஸ் பெட்டியிலிருந்து பேட்டரி மெழுகுவர்த்தி ஏழெட்டு எடுத்து வந்து ஜன்னலில் வரிசையாக வைத்தார். அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 8ந்தேதி ஆர்டர் மாறியது. உட்கார்ந்திருக்கும்போது 1, நடந்தால் 2. காலையில் டாக்டர் மாற்றி எழுதினார். நான் மத்தியானம் போனபோது மெஷினில் பந்து 1ல் நின்றது, நர்ஸ் தாளிலும் 1. இதைப் போய்ப் பெரிதாகச் சொல்கிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். கூட்டும் ஆர்டர் சீக்கிரம் வரும், யாராவது மூச்சுக்குத் தவித்தால் எல்லோரும் ஓடுவார்கள். குறைக்கும் ஆர்டரும் நிறுத்தும் ஆர்டரும்தான் வாரக்கணக்கில் தங்கிப்போகும். தேவையில்லாத குழாயோடு படுக்கையில் கிடந்தே ஆள் நடக்க மறந்துபோவார்.

வீட்டுக்கு அனுப்புவதையும் அதே ஒழுங்கில் செய்தார்கள். வீட்டில் ஆக்ஸிஜனுக்கு மெடிகேர் பணம் தர வேண்டுமானால் சாச்சுரேஷன் 88 அல்லது அதற்குக் கீழே போகிறது என்று பொதுவாகப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். அப்பா உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் இல்லாமலே 91. தாழ்வாரத்தில் ஆக்ஸிஜன் இல்லாமல் நடக்கவைத்தார்கள், 86. ஆக்ஸிஜனோடு நடக்கவைத்தார்கள், 90. மூன்று எண்ணையும் ஒரே நாளில் எழுதி, டாக்டர் கையெழுத்தோடு உபகரணக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்னால் இது நடந்தது. டிசம்பர் 23ந்தேதி அப்பா வீட்டு வாசலில் இறங்கியபோது கான்சென்ட்ரேட்டரும், தோளில் மாட்டும் சின்னச் சிலிண்டர்களும் ஏற்கெனவே கூடத்தில் இருந்தன.

செலவு: முதல் 20 நாள் மெடிகேர் முழுசாகக் கட்டுகிறது. முதல் இடத்தில் இருந்த இரண்டு நாளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு 15 நாளுக்கு, 2025 கணக்குப்படி, நாளொன்றுக்கு 209.50 டாலர். அப்பாவின் துணைக் காப்பீடு அதைக் கட்டியது. துணைக் காப்பீடு இல்லாதவர்கள் இருபதாம் நாளுக்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

முதல் இடத்தின்மேல் புகார் கொடுத்தாயா என்று உறவில் பலர் கேட்டார்கள். கொடுத்தேன். நர்சிங் ஹோமில் இருப்பவர்களுக்காகப் பேச ஒவ்வொரு மாநிலத்திலும் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் உண்டு, காசு கிடையாது. அந்த அலுவலகத்தின் போன் எண்ணை ஒவ்வொரு நர்சிங் ஹோமிலும் கண்ணில் படும்படி ஒட்டியிருப்பார்கள். மாநிலச் சுகாதாரத் துறைக்கும் தனியாக எழுதினேன். என்னிடம் தேதியும் மணியும் இருந்தன, மெஷினில் பந்து 4ல் நிற்கும் போட்டோவும் இருந்தது. அன்று அந்த அவசரத்தில் அதை எடுக்கத் தோன்றியதற்கு நன்றி சொல்கிறேன். நீங்களும் போகும்போதெல்லாம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆர்டரின் நகலையும் கேளுங்கள். நோயாளியோ அவருக்காக முடிவெடுக்கும் உரிமை உள்ளவரோ கேட்டால் தர வேண்டும்.

நான் கேட்கத் தயங்கினேன் என்பதும் உண்மை. வெள்ளிக்கிழமை மாலை ‘2தானே?’ என்று அவர்கள் என்னைக் கேட்டபோது, ‘ஆர்டர் என்ன சொல்கிறது?’ என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். பெரிய இடம், படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் இரண்டே நாளில் அது பழகிவிட்டது. உள்ளே போனதும் ‘சாப்பிட்டீங்களாப்பா’ என்று கேட்பேன், பந்தைப் பார்ப்பேன், நர்ஸிடம் ஆர்டர் மாறியிருக்கிறதா என்று கேட்பேன். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நல்லவேளை கேட்டீர்கள் என்றவர்கள்கூட உண்டு.

இப்போது அப்பா வீட்டில்தான் இருக்கிறார். காலையில் தெருமுனைவரை சிலிண்டரோடு நடக்கிறார். ஆர்டரின் நகல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. 90 நாள் கழித்து மறுபடி நடக்கவைத்துப் பார்த்து, ஆக்ஸிஜன் இன்னும் தேவையா என்று முடிவு செய்ய வேண்டும் என்பது அதில் கடைசி வரி. மார்ச் மூன்றாவது வாரத்துக்கு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டேன்.